மணிக்கு நாலணா

பெருங்குடியில் வாடகை சைக்கிள் கடைக்கு சீசன் என்றால் சித்திரையும் வைகாசியும்தான். முழுப் பரீட்சை லீவு விட்ட மறுநாளே அப்பாவின் கடை முன்னால் பையன்கள் வரிசை கட்டுவார்கள். பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, உள்ளே பத்துப் பதினைந்து வண்டிகள். அரை சைக்கிளுக்குத்தான் அடிதடி. எழுபதுகளின் கடைசியில் மணிக்கு நாலணா. புதுப் பைசா வந்து இருபது வருஷம் ஆகியிருந்தும் இருபத்தைந்து பைசா என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை.

வாடகை நோட்டில் வண்டி நம்பர், எடுத்த நேரம், பேர் மூன்றும் இருக்கும். பேர் என்றால் எடுத்தவன் பேர் அல்ல: ‘முனுசாமி மகன்’, ‘டீக்கடை வீடு’, ‘மேட்டுத் தெரு பெரியவன்’. அட்வான்ஸ் கிடையாது. எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் வண்டி கிடையாது. பெண் பிள்ளைகள் பேர் அந்த நோட்டில் நான் பார்த்து ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் மகளான நானே, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கொட்டகைக்குப் பின்னால் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன்.

கோடையில் வேலையும் அதிகம். கத்திரி வெயிலில் அப்பா கெட்டியாகக் காற்றடிக்க மாட்டார், டியூப் வெடித்துவிடும். கருவேல முள் ஏறாத நாள் கிடையாது. டியூபை உருவி, காற்றடித்து, நசுங்கிய அலுமினியக் குண்டானில் தண்ணீருக்குள் முக்கி மெள்ளச் சுற்றுவார். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. துடைத்து, உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, பழைய டியூபிலிருந்து வெட்டிய வட்டத்தை ஒட்டி, சுத்தியலால் நாலு தட்டு. பையன்கள் சுற்றி நின்று ஏதோ கோயில் அபிஷேகம் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு பெருங்குடி செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். ரோடு குறுகல், கேளம்பாக்கம் பஸ் எப்போதாவதுதான் வரும். கொத்தனார், பால்காரர், கிண்டி எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர் என்று பெரியவர்களும் நாள் வாடகைக்கு எடுப்பார்கள். மயிலாப்பூர் வரை மிதித்துப் போய் மார்க்கெட்டில் சாமான் வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அதை யாரும் சாதனையாக நினைக்கவில்லை. சுற்றுச்சூழல் என்ற பேச்சும் அங்கே இல்லை. கையில் இருந்த காசுக்கு அதுதான் வண்டி.

சைக்கிளுக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் தாத்தா கிழக்கே கை காட்டுவார். எங்களுக்கும் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைக்கும் நடுவில் ஓடுகிறதே, பக்கிங்காம் கால்வாய், அதுதான். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்ட ஆரம்பித்தது. தெற்கிலும் வடக்கிலும் துண்டு துண்டாக நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு நிவாரண வேலை கொடுத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுத்துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பேரை யாரும் எந்தக் கல்லிலும் செதுக்கவில்லை. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி. உப்பு, சவுக்குக் கட்டை, நெல், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் இதில்தான் படகேறிப் பட்டணம் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் ஆள் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார். புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் இழுத்தவனின் தோள்பட்டையைக் கேட்டால்தான் அந்தப் பயணம் எவ்வளவு இனிமை என்று தெரியும். பழங்காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சுற்றுலாவும் இருந்தது. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு கார் எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் நிற்கிறவர்கள் ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

1965-66 புயல்களில் கால்வாய் பழுதானது. லாரி வந்துவிட்ட காலம், சரக்குக்காரர்களுக்கும் அவசரம். நான் கண்ணால் பார்க்கும்போது படகு நின்று சாக்கடை சேர ஆரம்பித்திருந்தது. அதற்கப்புறம்தான் பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. இடம் வாங்க வேண்டிய தொல்லை இல்லை என்று சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை பெரும்பாலும் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயுமே தூண்களை இறக்கிவிட்டார்கள். ஒரு பசுமைப் பயணத்தின் நெஞ்சில் இன்னொரு பசுமைப் பயணம் காலூன்றி நிற்கிறது!

‘பெருங்குடி’ என்று ஒரு ஸ்டேஷனும் வந்தது. பேர் எங்களுடையது, இடம் தரமணி, வேளச்சேரிப் பக்கம். ஊரிலிருந்து அங்கே நடந்து போவதற்குள் சட்டை நனைந்துவிடும். ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், அல்லது சைக்கிள் வேண்டும். அப்பா கடை அப்போது இருந்திருந்தால் ஸ்டேஷன் வாசலில் ஒரு கிளை போட்டிருப்பார்.

கடை 2007 வரை தாக்குப்பிடிக்கவில்லை. காரணம் பெட்ரோல் வண்டி மட்டும் என்று சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது உண்மை, கொத்தனாரும் பால்காரரும் அதற்கு மாறியதும் உண்மை. பையன்கள் வேறு காரணத்தால் போனார்கள்: சைக்கிள் சொந்தமாகிவிட்டது. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் போட்டுத் தள்ளியது, தவணையில் கிடைத்தது. 2001-ல் ஆரம்பித்து அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது, முதலில் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு, பிறகு எல்லோருக்கும். அதற்குப் பத்து வருஷம் முன்னால் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியிருந்தார்கள். அப்பா நோட்டில் இடம் கிடைக்காத பெண்கள் சொந்த வண்டியில் ஏறிப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கடை போனால் போகட்டும்.

வருத்தம் ரோட்டைப் பற்றித்தான். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்தது. எங்கள் குறுகல் ரோடு ராஜீவ் காந்தி சாலையாகி ஆறு வழிப் பாதையாக அகன்றது, பெருங்குடியிலேயே சுங்கச்சாவடியும் வந்தது. 2011-ல் ஊர் மாநகராட்சிக்குள் போனது. சாவடியில் வசூல் 2021-ல் நின்றது, வேகம் நிற்கவில்லை. கொட்டகை இருந்த இடம் அகலப்படுத்தியதில் போய்விட்டது. எதிர்ப்புறம் போக வேண்டுமானால் தூரத்தில் உள்ள திருப்பம் வரை மிதிக்க வேண்டும், அல்லது வண்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்திட்டு தாண்ட வேண்டும். பாதிப் பேர் எதிர்த்திசையில் வருவது இதனால்தான்.

2019-ல் மாநகராட்சி ஸ்மார்ட் பைக் கொண்டுவந்தது: ஆங்காங்கே நிறுத்தம், கைப்பேசியில் செயலி, மணிக்கணக்கில் வாடகை. அப்பாவின் நோட்டு திரும்பி வந்ததாகத்தான் எனக்குப் பட்டது. ‘டீக்கடை வீடு’ என்று எழுத மட்டும் அதற்குத் தெரியாது. தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் அதே வருஷம். தி.நகர் வரை நல்லது நடந்தது, சந்தோஷம்.

கோடையில் நானும் மிதிக்கிறேன், விடியற்காலையில் மட்டும். ரேடியல் ரோட்டில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பூங்கா வரை. 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம் அது, எங்கள் ஊர்ப் பேரிலுள்ள குப்பைமேடும் அதிலேயே. வெயில் ஏறுவதற்குள் நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள்ளிருந்து வெளியே வரும். கூழைக்கடாவைப் பார்க்க வேடந்தாங்கல் வரை கார் ஓட்டத் தேவையில்லை.

அந்த நேரத்தில் ரோட்டில் இரண்டு வகை சைக்கிள் போகும். ஹெல்மெட்டும் மினுக்கும் சிவப்பு விளக்குமாக லட்ச ரூபாய் வண்டிகள் மாமல்லபுரம் பக்கம் போகும், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. மெட்ரோ தூண் வேலைக்கும் அடுக்குமாடி வேலைக்கும் போகிற பீகார், ஒடிசாப் பையன்கள் விளக்கே இல்லாத பழைய வண்டியில், கேரியரில் சாப்பாட்டுத் தூக்குடன், ஓரமாகப் போவார்கள், அவர்களுக்கு எல்லாக் கிழமையும். பின்தெருவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இந்தப் பையன்களுக்குப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுக்கிறார். வேலை முடிந்து ஊருக்குப் போகிறவன் வண்டியைப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான், அடுத்த வாரம் அதே வண்டி இன்னொருவனுக்குப் போகிறது. “இது வாடகைதான் அக்கா, மணிக்கணக்குக்குப் பதில் மாசக்கணக்கு” என்றார். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. பேருக்கு நேரே ‘ஏழாம் மாடி சைட்’, ‘மெட்ரோ கம்பி கட்டுறவர்’ என்று எழுதியிருக்கிறார்.