சூறையை முன்னறிந்த வரலாறு

காற்றின் சீற்றம் பல வகைப்படும். வங்கக் கடலில் உருவாகி நம் கரையைத் தாக்கும் புயலை நாம் நன்கு அறிவோம். அது கடலிலே திரண்டு, நூற்றுக்கணக்கான மைல் அகலத்துக்குப் பரவி, தன் வருகையை முன்னதாகவே உணர்த்திக்கொண்டு வருவது. டொர்னடோ என வழங்கும் சூறைச்சுழலோ வேறு இனத்தைச் சேர்ந்தது. இடிமேகத்தின் அடியிலிருந்து யானையின் துதிக்கை போலத் தரையை நோக்கி இறங்குவது அது. அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு கெஜங்களே. அதன் ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆயினும், கடுமையான சுழலுக்குள் காற்றின் வேகம் மணிக்கு 200 மைலையும் கடந்துவிடும். தெருவின் ஒரு சிறகை அடியோடு பெயர்த்துவிட்டு, எதிர்ச் சிறகைத் தொடாமற் செல்வதும் உண்டு.

உலகிலே இத்தகைய சுழல்கள் மிகுதியாகத் தோன்றும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று வடக்கே செல்கிறது. மேற்கே மலைப் பகுதிகளிலிருந்து வறண்ட காற்று வந்து அதன்மேற் படர்கிறது. இன்னும் உயரத்திலே வேகமிக்க மேல்காற்று வேறு திசையில் விரைகிறது. இம்மூன்றும் ஒருங்கே அமையும் நாட்களில் இடிமேகங்கள் சுழலத் தொடங்குகின்றன. அப்போது ஒரே நாளில், பல மாநிலங்களில், பத்துக்கணக்கிலும் சில சமயம் நூற்றுக்கணக்கிலும் சூறைச்சுழல்கள் எழுவதுண்டு. அத்தகைய நாளை எவ்வாறு முன்கூட்டி அறிவது? அறிந்தபின், அதை மக்களுக்குச் சொல்லலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. முதல் வினாவைக் காட்டிலும் இரண்டாவது வினாவே பல உயிர்களைப் பலிகொண்டது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் வானிலைப் பணி இராணுவத்தின் செய்தித் தொடர்புப் படையைச் சார்ந்திருந்தது. அப்படையில் ஜான் பார்க் ஃபின்லி என்னும் இளைஞர் பணிபுரிந்தார். 1879-ஆம் ஆண்டு கான்சஸ் முதலிய மாநிலங்களைச் சூறைச்சுழல்கள் தாக்கியபோது, அழிந்த ஊர்களுக்கு நேரிற் சென்று விவரங்களைத் திரட்டினார். பின்னர் 2000-க்கும் மேற்பட்ட தொண்டர்களை நாடெங்கும் திரட்டி, சூறைச்சுழல் தோன்றிய இடம், நேரம், திசை ஆகியவற்றைக் குறித்து அனுப்பச் செய்தார். 1884-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இன்ன பகுதியில் இன்று சூறைச்சுழல் எழக்கூடும், இன்ன பகுதியில் எழாது எனச் சோதனையாகக் கணித்துப் பார்த்தார்.

அவர் செய்த கணிப்புகள் 2803. அவற்றில் நூற்றுக்கு 96-க்கு மேல் சரியாக இருந்தன என்று அறிவிக்கப்பட்டது. இது பெரும் வெற்றியன்றோ எனத் தோன்றும். ஆனால் அதே ஆண்டில் ஜி. கே. கில்பர்ட் என்னும் நிலநூல் அறிஞர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். “எந்நாளும் எங்கும் சூறைச்சுழல் வராது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால், நூற்றுக்கு 98 சரியாக இருந்திருக்கும்! அரிதாக நிகழ்வதை இல்லையென்று சொல்வது எளிது. ஃபின்லி “வரும்” என்று சொன்ன 100 முறைகளில் 28 முறை வந்தது. அவர் “வராது” என்று சொன்னவற்றுள் 23 முறை வந்துவிட்டது. கணிதம் பயிலும் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது நன்று. வெறும் விழுக்காட்டைக் கொண்டு ஒரு கணிப்பின் தரத்தை அளக்கலாகாது என்பதை அது தெளிவாக உணர்த்தும்.

எனினும், ஃபின்லியின் முயற்சியை நிறுத்தியது கில்பர்ட்டின் கணக்கன்று, மேலதிகாரிகளின் அச்சமே. சூறைச்சுழல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் கலங்கி ஓடுவர்; சுழல் விளைக்கும் தீங்கைக் காட்டிலும் அந்தக் கலக்கம் விளைக்கும் தீங்கு பெரிதாகும் என்று அவர்கள் கருதினர். ஆகவே, 1880-களிலேயே அரசின் வானிலை அறிவிப்புகளில் அச்சொல்லை வழங்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. அத்தடை அரை நூற்றாண்டு நீடித்தது. 1938-ஆம் ஆண்டில் அது தளர்ந்ததெனினும், பொதுமக்களுக்கான முன்னறிவிப்பில் அச்சொல் இடம்பெற மேலும் பல்லாண்டுகள் சென்றன.

அந்த மௌனத்தின் நடுவே வந்தது 1925-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள். மிசூரி மாநிலத்தில் நண்பகலுக்குப் பின் எழுந்த ஒரு சூறைச்சுழல், இல்லினாய் மாநிலத்தைக் கடந்து இந்தியானாவிற் சென்று ஓய்ந்தது. மூன்றரை மணி நேரத்தில் அது கடந்த தொலைவு 219 மைல். மாண்டவர்கள் 695 பேர். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே நகரில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டி சோட்டோ என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள் மடிந்தனர். மிசூரியில் அழிவு நிகழ்ந்தபின், இந்தியானாவிலுள்ள ஊர்களுக்கு அச்செய்தியைச் சொல்ல இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் இருந்தது. சொல்வதற்கான ஏற்பாடுதான் இல்லை. அன்று மக்கள் கலங்கி ஓடவில்லை. ஓடுவதற்கு யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

தடை உடைந்த கதை சுவையானது. 1948-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் இரவு, ஓக்லஹோமா மாநிலத்தில் டிங்கர் விமானப்படைத் தளத்தைச் சூறைச்சுழல் தாக்கிற்று. ஒரு கோடி டாலருக்கு மேல் சேதம். தளபதி ஃபிரெட் போரம், வானிலை அலுவலர்களான மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷ், கேப்டன் ராபர்ட் மில்லர் ஆகியோரிடம், இத்தகைய சுழலை முன்னறிய இயலுமா என ஆராய்ந்து சொல்லுமாறு பணித்தார். இருவரும் பழைய வானிலைப் படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பி, சூறைச்சுழல் எழுந்த நாட்களில் பொதுவாக அமைந்திருந்த நிலைகளைத் தேடினர். அதே சமயத்தில் தளபதி மற்றொரு காரியமும் செய்தார். எச்சரிக்கை கிடைத்தால் யார் எதைச் செய்வது என்று ஒரு பாதுகாப்புத் திட்டத்தையும் வகுக்கச் செய்தார்.

ஐந்தே நாட்கள் சென்றன. மார்ச் 25-ஆம் நாள் காலைப் படம், 20-ஆம் நாளின் படத்தைப் போலவே இருந்தது! ஒரே இடத்தை ஐந்து நாட்களுக்குள் இருமுறை சுழல் தாக்குவது எவ்வளவு அரிது என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். ஆயினும், தளபதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, பிற்பகல் மூன்று மணியளவில் சூறைச்சுழல் எச்சரிக்கையை வெளியிட்டனர். விமானங்கள் கொட்டகைகளுக்குள் சேர்க்கப்பட்டன. சிதறிக் கிடந்த பொருள்கள் கட்டப்பட்டன. ஆட்கள் காப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாலை ஆறு மணியளவில் சுழல் வந்து தளத்தைக் கடந்து சென்றது. சேதம் நேர்ந்தது, ஆனால், முன்னைவிடக் குறைவு. உயிர்ச் சேதம் இல்லை. கணிப்பு பொய்த்துவிடுமோ என்ற கவலையுடன் வீட்டுக்குச் சென்றிருந்த மில்லர், வானொலியின் வாயிலாகவே தம் கணிப்பு பலித்ததை அறிந்தார்.

இந்த வெற்றிக்குப்பின் பொதுமக்களும் சும்மா இருக்கவில்லை. படைக்குக் கிடைக்கும் எச்சரிக்கை எங்களுக்கு ஏன் கிடைக்கலாகாது என்று கேட்டனர். 1950-ஆம் ஆண்டு, வானிலைத் துறையின் தலைவர் ஃபிரான்சிஸ் ரைகல்டர்ஃபர், சூறைச்சுழலைக் குறித்து அறிவிக்கத் தடை ஏதும் இல்லை என்று தம் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 1952-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் மக்களுக்கு முறையான முன்னறிவிப்புகள் வெளியாயின.

இனி எல்லாம் நலமே எனலாமா? இல்லை. அறிவிப்பது வேறு, அது கேட்பவர் நெஞ்சிற் பதிவது வேறு. 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், குருத்தோலை ஞாயிறு. மத்திய மேற்கு மாநிலங்கள் பலவற்றில் சூறைச்சுழல்கள் திரளாக எழுந்து, 260-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. முன்னறிவிப்புகள் வெளியாகத்தான் செய்தன. ஆனால், “வரக்கூடும்” என்ற அறிவிப்புக்கும் “வந்துவிட்டது” என்ற அறிவிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் உணரவில்லை. அதன்பின் இரண்டு சொற்கள் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. சூழ்நிலை கூடிவருகிறது, விழிப்பாயிருங்கள் என்பது முதற் சொல். சுழல் காணப்பட்டுவிட்டது, உடனே ஒதுங்குங்கள் என்பது இரண்டாம் சொல். முதற் சொல் ஆயத்தத்துக்கு. இரண்டாம் சொல் செயலுக்கு. வானத்தைக் கூர்ந்து நோக்கிச் செய்தி அனுப்பும் தொண்டர்களுக்குப் பயிற்சியும் பரவலாக அளிக்கப்பட்டது. ஃபின்லி கண்ட கனவு இவ்வாறு மீண்டும் உயிர் பெற்றது.

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 3, 4 ஆகிய நாட்களில், ஏறத்தாழ 24 மணி நேரத்தில், 13 மாநிலங்களில் 148 சூறைச்சுழல்கள் எழுந்தன. இறந்தோர் 300-க்கும் மேற்பட்டோர். ஓஹையோ மாநிலத்தின் ஸீனியா நகர உயர்நிலைப் பள்ளியில், அன்று மாலை சில மாணவர்கள் மேடையில் நாடக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தனர். சுழல் வருவதை ஒரு மாணவி கண்டு கூறவே, அனைவரும் கட்டடத்தின் உட்புற நடைவழிக்கு ஓடித் தரையோடு தரையாகக் கிடந்தனர். சுழல் கடந்தபின் பார்த்தால், அவர்கள் நின்றிருந்த மேடையின்மேல் பள்ளிப் பேருந்துகள் வீசப்பட்டுக் கிடந்தன! அந்த மாணவர்கள் அனைவரும் பிழைத்தனர். அவர்களைக் காத்தது இரண்டு செயல்கள்: கண்டதை உடனே நம்பியது, எங்கே ஒதுங்குவது எனத் தயங்காதது.

பின்னர் டாப்ளர் ரேடார் வந்தது. மேகத்துக்குள் சுழற்சி தொடங்குவதையே அது காட்டிக்கொடுத்தது. வானிலைக்கென்றே தனி வானொலி நிலையங்கள் பெருகின. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், 1925-க்குப்பின் சூறைச்சுழலால் மடிவோர் தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும், 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், பல நாட்கள் முன்னரே கணிக்கப்பட்டிருந்த ஒரு பெருந்திரளில், 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அலபாமா மாநிலத்தின் வடபகுதியில் காலையில் வீசிய புயல் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. மாலையில் பெருஞ்சுழல்கள் வந்தபோது பல வீடுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அடுத்த மாதம் 22-ஆம் நாள், மிசூரியின் ஜாப்லின் நகரில் 158 பேர் மடிந்தனர். அங்கே அபாயச் சங்கு ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் பலர் அதைக் கேட்டவுடன் ஒதுங்காமல், உண்மைதானா எனத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தனர் என்று பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஆயத்தம் என்பதன் பொருள் விளங்குகிறது. சுழலுக்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை நேரம் இன்றும் சராசரியாகப் பத்து நிமிட அளவினதே. பத்து நிமிடத்தில் யோசிக்க முடியாது. முன்பே யோசித்து வைத்ததைச் செய்யத்தான் முடியும். ஆதலால்தான் அந்நாட்டுப் பள்ளிகளில் பயிற்சி நடத்துகின்றனர். நிலவறை இருப்பின் நிலவறை. இல்லையேல் அடித்தளத்தில், சன்னல் இல்லாத, நடுவிலுள்ள சிறிய அறை. தலையைக் காத்துக்கொண்டு குனிந்திருத்தல். எளிதிற் புரளும் இலேசான வீடுகளில் வாழ்வோர் நேரத்தோடு உறுதியான கட்டடத்துக்குச் சென்றுவிடுதல். மின்சாரம் நின்றாலும் செய்தி கேட்க மின்கலத்தால் இயங்கும் வானொலி ஒன்றை வைத்திருத்தல். இவை எளிய காரியங்கள். ஆனால், வானம் தெளிந்திருக்கும் நாளிலே செய்து வைக்கவேண்டியவை.

சொன்னால் மக்கள் கலங்குவர் என்று அஞ்சி ஒரு சொல்லை அரை நூற்றாண்டு மறைத்தனர். டிங்கர் தளத்தில் அச்சொல்லைச் சொன்னபோது யாரும் கலங்கவில்லை, வேலையைப் பார்த்தனர். என்ன செய்வதென்று அறிந்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை அச்சம் தரவில்லை, அவகாசம் தந்தது. ஆபத்தை மக்களிடம் உள்ளபடி சொல்வது அறிவுடையோர் கடமை. சொன்னதைக் கேட்டு ஆயத்தமாவது மக்கள் கடமை. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று பயனற்றுப் போகும்.