பதினோராம் கூண்டு

மேலைநாட்டுக் கடற்கரைகளில் குளிர்காலத்தே பனிப்புயல் வருகிறதென்று முன்னறிவிப்பு வந்தால், மக்கள் விறகும் ரொட்டியும் சேர்த்துக்கொண்டு கதவடைப்பர். நம் கடற்கரைகளுக்குப் பனிப்புயல் இல்லை. தமிழகத்துக்குக் கார்த்திகை மார்கழியில் வருவது வங்கக் கடலின் சுழற்புயல். டிராம்பேயில் நமக்கு முன்னால் கிடப்பது அரபிக்கடலின் கழிதானே என்று அசட்டையாக இருத்தலும் ஆகாது. 1948 நவம்பரில் இப்பம்பாய் நகரமே புயலின் வாய்ப்பட்டதுண்டு.

தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த பெரியோர்க்குப் புயற்கூண்டு புதிதன்று. பகலில் கம்பத்தில் ஏறும் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும் கடலோடிகளுக்குச் செய்தி சொல்வன. இவ்வேற்பாட்டுக்கு வித்திட்டது ஒரு பேரழிவு. 1864 அக்டோபர் 5இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். மறு ஆண்டே அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தோன்றிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது.

கூண்டுகள் பதினொன்று. முதலாவது, தொலைக்கடலில் காற்றழுத்தம் தாழ்ந்திருப்பதைக் குறிக்கும். பத்தாவது, கடும்புயல் துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடக்கும் என்பதற்கு. பதினோராவதன் பொருள்தான் வியப்புக்குரியது: வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தம் அறிவைக் கொண்டே அபாயத்தை உணர்ந்து அதனை ஏற்றுகிறார். செய்தி வராமையே செய்தியாகிவிடுகிறது!

தனுஷ்கோடியை எண்ணுங்கால் இக்கூண்டுதான் என் நினைவுக்கு வரும். 1964 டிசம்பர் 17இல் அந்தமான் பக்கம் பிறந்த தாழ்வு, ஐந்து நாட்கள் கடலில் வளர்ந்து, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து, பாக் நீரிணையில் இறங்கிற்று. திடீரென்று முளைத்த புயலன்று அது. ஆயினும் அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கியது. கைகாட்டி விளக்கு எரியவில்லை என்பர். சற்று நின்ற வண்டி, விசில் கொடுத்து இருளில் நகர்ந்தது. மலைபோல் எழுந்த அலை வண்டியையும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும் வாரிக்கொண்டது. தந்திக் கம்பிகள் அறுந்திருந்தமையால் ஊர் அழிந்தது வெளியே உடன் தெரியவில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் குழுவினர் 46 நாட்களில் செப்பனிட்டனர். தனுஷ்கோடி நிலையமோ மீளவில்லை. இராமநாதபுரத்துக் குடும்பங்களில் அவ்விரவைச் சொல்லிக் கண்கலங்கும் பாட்டிமார் உண்டு.

அறிந்தோர் அறிந்திருந்தும் அறியவேண்டியவர்க்கு எட்டாத செய்தியால் பயன் என்ன? அக்குறையைப் பெரிதும் தீர்த்தது விண்வெளி. 1983இல் இன்சாட் 1பி ஏவப்பட்டபின், மேகச் சுழலை வானிலிருந்தே தொடர்ந்து காணவும், கரையோரச் சிற்றூர்களுக்கு எச்சரிக்கையை நேரே அனுப்பவும் வழி பிறந்தது.

2020 ஜூன் 3இல் நிசர்கா புயல் வந்தபோது அதன் பயனை நாமே கண்டோம். கொரோனா நோய் பரவிய காலம். வீட்டை விட்டு வெளியேறவே அச்சம். எனினும் இரண்டு நாட்களுக்கு முன்பே கைபேசி தோறும் அறிவிப்பு வந்தது. பாந்திரா–குர்லா வளாகத் தற்காலிக மருத்துவமனையிலிருந்த நோயாளிகளை முன்னதாகவே வேறிடம் மாற்றினர். படகுகள் கரையேறின, தகரக் கூரைகள் மீது கற்கள் ஏறின. நண்பகல் கடந்ததும் புயல் அலிபாக்குக்குத் தெற்கே கரையேறி, ராய்கட் மாவட்டத்துத் தென்னை, பாக்குத் தோப்புகளைச் சாய்த்தது. பம்பாயைக் காற்றும் மழையுமாகத் தொட்டுச் சென்றது. மாலையில் கூரைக் கற்களை இறக்கியவர்களில் சிலர், வீண்வேலை வாங்கினார்களே என்று முணுமுணுத்தனர். தனுஷ்கோடியை அறிந்த முதியவர்கள் மட்டும் அக்கற்களைச் சுவரோரமாக அடுக்கி வைத்தார்கள்.