பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ் (2016)

பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ், சாக் ஸ்னைடர் இயக்கி 2016 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட அமெரிக்க சூப்பர் ஹீரோ படம். 2013-இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீலின் தொடர்ச்சி. கிறிஸ் டெரியோவும் டேவிட் எஸ். கோயரும் திரைக்கதை எழுத, பென் அஃப்லெக் பேட்மேனாகவும் ஹென்றி கேவில் சூப்பர்மேனாகவும் நடித்தனர். இரு நாயகர்களும் நடிகர்களைக் கொண்டு ஒரே முழுநீளத் திரைப்படத்தில் மோதிக்கொண்டது இதுவே முதல் முறை. ஆயினும் படம் இன்று நினைக்கப்படுவது அந்த மோதலுக்காக அல்ல, பார்த்தவர்களுக்குள் அது மூட்டிய மோதலுக்காக.

செலவு சுமார் 25 கோடி டாலர். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் மூன்று நாளில் 16.6 கோடி டாலர் வசூலானது. அடுத்த வார இறுதியில் அது 5.1 கோடியாகச் சரிந்தது. அங்கு கிடைத்த மொத்தம் ஏறக்குறைய 33 கோடி, அதாவது பாதிப் பணம் முதல் மூன்று நாளிலேயே வந்துவிட்டது. முதல் நாள் பார்வையாளரிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் 'பி' தரம் கொடுத்தது. இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் 'ஏ' வரிசையில் தேறுபவை. உலக அளவில் சுமார் 87 கோடி டாலர் ஈட்டிய படத்தைத் தோல்வி என்பது மிகை. நிறுவனம் எதிர்பார்த்த வெற்றி என்பதும் பொருந்தாது.

பார்வையாளர்களிடையே எழுந்த சண்டையின் வேர் முந்தைய படத்தில் இருக்கிறது. மேன் ஆஃப் ஸ்டீலின் முடிவில் மெட்ரோபோலிஸ் நகரம் தரைமட்டமானதையும், சூப்பர்மேன் எதிரியின் கழுத்தை முறித்ததையும் பலர் கண்டித்திருந்தனர். ஸ்னைடர் அதற்குக் கதையிலேயே பதில் சொன்னார்: அதே அழிவைத் தெருவில் நின்று பார்க்கும் புரூஸ் வெய்னிடமிருந்து, அதாவது பேட்மேனிடமிருந்து, இப்படத்தின் கதை தொடங்குகிறது. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். எதிர்ப்பாளர்களிலும் பலர் இதை ஒப்புக்கொள்வர். ஆனால் அந்த புரூஸ், குற்றவாளிகளின் உடலில் சூடுபோட்டு, வாகனத் துப்பாக்கியால் ஆட்களைச் சாய்க்கிறார். கொல்லாமை நோன்புள்ள பேட்மேனை காமிக்ஸில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது துரோகம்; அவர் தடம் மாறியதே கதை என்பது ஆதரவாளர் வாதம்.

கேலிக்கு அதிகம் ஆளானது 'மார்த்தா' காட்சி. இருவரின் தாய்மாருக்கும் காமிக்ஸிலேயே ஒரே பெயர். சூப்பர்மேன் அப்பெயரைச் சொல்லக் கேட்டதும், அவரைக் கொல்ல ஓங்கிய ஈட்டியை பேட்மேன் எறிந்துவிடுகிறார். வேற்றுக்கிரகவாசியிடம் ஒரு பிள்ளையைக் கண்டார் என்ற எண்ணம் வலுவானது, அதை அரங்கில் சிரிப்பாக்கியது அவசரமான படமாக்கம். வொண்டர் வுமனாக வந்த கல் கடோட்டை மட்டும் இரு தரப்பும் வரவேற்றன.

திரையரங்கில் 151 நிமிடம் ஓடிய படத்துக்கு, சுமார் அரைமணி நேரம் கூடுதலான பதிப்பு அதே ஆண்டு வெளிவந்தது. செய்தியாளர் லோயிஸ் லேனின் விசாரணை அதில் முழுமையாக இருப்பதால், சூப்பர்மேன் மீது பழி விழுந்த விதம் புரிகிறது. வெட்டியவர்கள் விறுவிறுப்பைக் கூட்டவில்லை, காரணங்களைத்தான் எடுத்துவிட்டார்கள்.

மோசமான திரைக்கதை உட்பட நான்கு ராஸி விருதுகள் படத்துக்குக் கிடைத்தன. குடும்பத் துயரத்தால் ஸ்னைடர் இடையில் விலகிய இதன் தொடர்ச்சிப் படமான ஜஸ்டிஸ் லீக் 2017-இல் வேறொருவர் கையால் முடிக்கப்பட்டு வந்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் போராடிய அப்படத்தின் ஸ்னைடர் உருவாக்கிய நான்கு மணி நேரப் பதிப்பு 2021 மார்ச் 18 அன்று எச்பிஓ மேக்ஸில் வெளியானது.