சொல்லியிருப்பீங்களா, அப்பா?

ஈப்போவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கோவிலில் பூசை முடிந்து விருந்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. சும்மா உட்காருவதற்குப் பதிலாகப் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் இருக்கும் செயிண்ட் மைக்கேல் தேவாலயத்துக்குப் போனேன். அதை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில்தான் சிபில் கார்த்திகேசு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையின் முன்னால் நின்று எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். 'நம்ம பேராக், நம்ம சபை, நம்ம ஆளு' என்கிற பெருமை.

சிலிம் ரிவருக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் வந்தோம். கம்பார் தாண்டி, தாப்பா தாண்டி, பீடோர் வரைக்கும் மகள் வாயே திறக்கவில்லை. சுங்காய் பக்கம் வந்ததும் கேட்டாள்:

"அப்பா, அந்த மரத்துல என்னைத் தொங்கவிட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"மழை வருதும்மா, ரோட்டைப் பாக்கணும்" என்றேன். மழை அப்போது லேசாகத்தான் தூறிக்கொண்டிருந்தது.

கேள்விக்குப் பதில் தேடி, வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, கல்லறை முன்னால் நான் சொன்ன கதை அவ்வளவு சரியில்லை என்று தோன்றியது. அதைத் திருத்திச் சொல்லும் முயற்சி இது.

*

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தகப்பன் ஐரிஷ் கலப்புள்ள யூரேசியத் தோட்டக்காரர். தாய் பிரெஞ்சுக் கலப்புள்ள யூரேசியர், மருத்துவச்சி. சிபிலும் தாதிப் பயிற்சியும் பேறுகாலப் பயிற்சியும் பெற்றவர். கன்டனீஸ் சரளமாகப் பேசுவார். 'நம்ம ஆளு' என்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. தமிழ்ப் பெயர் அவருக்குக் கல்யாணத்தோடு வந்தது.

மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், டாக்டர், கணபதிப்பிள்ளை என்பவரின் மகன். சைவக் குடும்பம். பெண் கத்தோலிக்கக் குடும்பம். பெண் வீட்டில் மதத்தைச் சொல்லித் தடை எழுந்து, பிறகு சமரசமானது. 1919 ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நனாஸில் உள்ள செயிண்ட் ஜான் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. ஏ. சி. கார்த்திகேசு என்ற பெயரில்தான் பின்னாளில் ஊருக்கே அவரைத் தெரியும்.

அதே வருஷம் ஆகஸ்டில் முதல் குழந்தை பிறந்தது. மைக்கேல் என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு கலிப்போலியில் மாண்ட சிபிலின் அண்ணன் பெயர் அது. குழந்தை பத்தொன்பது மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு வில்லியம் என்ற ஆண் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். 1921இல் ஓல்கா பிறந்தாள். 1936இல் ஈப்போவில் டான் பிறந்தாள்.

வீரப்பெண் கதையில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. நானும் கல்லறையில் இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள்கூட வாழாத பிள்ளையைப் புதைத்த தாய், ஒரு பிள்ளையின் உயிரை லேசாக எடைபோட்டிருப்பாளா? வீட்டில் பெறாத பிள்ளைக்கு இடம் கொடுத்த குடும்பம் அது என்பதும் கதைக்கு வெளியே நிற்கிற விஷயமில்லை.

1926லிருந்து ஈப்போ புருஸ்டர் சாலை 141ஆம் எண் வீட்டில் கணவனும் மனைவியுமாகக் கிளினிக் நடத்தினார்கள். நான் முதலில் சொன்ன ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவின் பழைய பெயர்தான் புருஸ்டர் சாலை. பதினைந்து வருஷம் பிரசவம், காய்ச்சல், காயம், மருந்து, கணக்கு. அவர்களுடைய விசுவாசம் என்னவென்று கேட்டால், முதலில் அந்தப் பதினைந்து வருஷத்தைத்தான் காட்டவேண்டும்.

*

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் ஈப்போவில் குண்டு விழுந்தது. மாதக் கடைசியில் ஈப்போ அவர்கள் கையில். நகரம் விழுவதற்குச் சில நாள் முன்னால் கார்த்திகேசு குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போய்விட்டது.

அதன் பிறகு போர் எங்கள் ஊருக்கு வந்தது. நாங்கள் அன்று மழையில் வந்தோமே, அந்தச் சாலை வழியாகத்தான். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன், துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் வரிசையாக வந்தன. சாலையின் ரெண்டு பக்கமும் ரப்பர். சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள் மிச்சமிருந்தன. டாங்கிகள் அதற்குள் நுழைந்து, மறித்து நின்ற படைகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டன. பஞ்சாபிகள், ஹைதராபாத் படையினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று ரெண்டு பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதறின. அன்று காலையே சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். நாலு நாளில், 11ஆம் தேதி, கோலாலம்பூரும் போனது.

தேதியைப் பாருங்கள். ஜனவரி 7. சிபிலுக்கும் கார்த்திகேசுவுக்கும் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் முடிந்த நாள்.

எங்கள் பாட்டி அப்போது இங்கே தோட்டத்து லயத்தில் இருந்தாள். "பிரட்டுக்குப் போகலாம்னு எந்திரிச்சோம். தரை குலுங்குச்சி. ரயிலு தடம் மாறி வருதுன்னு நெனச்சோம்" என்பாள். அவளுக்குப் போர் என்றால் அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரிது: மரவள்ளிக்கிழங்கு, வாழைக்குலை படம் போட்ட ஜப்பான் நோட்டு, சயாமுக்கு ஆள் பிடிப்பு. 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். தாத்தாவின் அண்ணனும் போனார். திரும்பவில்லை. பாட்டி செபமாலை சொல்லும்போது கடைசி மணிகளை அவருக்காக ஒதுக்கி வைத்திருப்பாள்.

*

பாப்பானில் மெயின் ரோடு 74ஆம் எண் வீடு. அங்கே சிபில் மறுபடியும் மருந்துப் பெட்டியைத் திறந்தார். பகலில் ஊர்க்காரர்கள் வருவார்கள். ராத்திரியில் வேறு ஆட்கள் வந்தார்கள். சுற்றியிருந்த மலைக்காட்டிலிருந்து இறங்கிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்காரர்கள், பெரும்பாலும் சீன இளைஞர்கள். அவர்களை வழிநடத்தியது கம்யூனிஸ்டுக் கட்சி. கோவில், சாமி எதையும் நம்பாதவர்கள். சிபில் காயத்துக்குக் கட்டுப் போட்டார், மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார். ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி கேட்டு அந்தச் செய்திகளையும் பகிர்ந்துகொண்டார்.

1943இல் கெம்பெய்தாய் பிடித்தது. கணவரையும் வில்லியத்தையும் பிடித்தார்கள், சிபிலையும் பிடித்தார்கள். வேவு பார்த்தது, காட்டிலிருந்தவர்களுக்கு வைத்தியம் செய்தது, வானொலி வைத்திருந்தது என்று மூன்று குற்றச்சாட்டு. விசாரித்தவன் யோஷிமுரா என்ற சார்ஜெண்ட். அடி, தண்ணீர், சூடு எதற்கும் சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. அப்போதுதான் ஏழு வயது டானைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். தாய் பார்க்கும்படி.

சிபில் சொல்லவில்லை. டான் உயிர் பிழைத்தாள்.

ஆயுள் தண்டனை கொடுத்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945இல் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. நினைவுகளையும் அங்கேதான் எழுத வைத்தார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அந்தப் புத்தகம் 1954இல்தான் வெளியானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்தில் இறந்துபோனார். நாற்பத்தெட்டு வயது. மறு வருஷம் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள்.

*

பல வருஷத்துக்கு முன் ஒரு தவக்காலத்தில், ஒரு பிரசங்கத்தில் இந்தக் கதையைக் கேட்டேன். பிரசங்கம் செய்தவர் சிபிலை ஆபிரகாமோடு ஒப்பிட்டார். ஈசாக்கை மலைக்குக் கூட்டிப்போன தகப்பனைப் போல இந்தத் தாயும் பிள்ளையைக் கொடுக்கத் தயாராக இருந்தாள் என்றார். எனக்கும் அன்று கண் கலங்கியது. நான் மகளிடம் சொன்ன கதையும் அநேகமாக அதுதான்.

இப்போது அது எனக்கு ஒப்பவில்லை. ஆபிரகாமைச் சோதித்தது கடவுள் என்கிறது வேதம். சிபிலைச் சோதித்தது யோஷிமுரா. அவன் செய்ததைத் தெய்வ சோதனையின் இடத்தில் வைக்க நமக்கு யார் உரிமை தந்தது? டானைக் கயிற்றில் கட்டியது தாயின் விசுவாசம் இல்லை, ஒரு சார்ஜெண்டின் கை. போருக்குப் பிறகு நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. நாம்தான் அவனை மறந்துவிட்டு, 'தாய் பிள்ளையைப் பலி கொடுத்தாள்' என்று கதை சொல்கிறோம். அந்தக் கதையைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் தன் அப்பாவைப் பார்த்துப் பயம் வரும். என் மகளுக்கு வந்தது.

இன்னொன்று. பெயரைச் சொல்லியிருந்தால் மரத்திலிருந்து டான் இறங்கியிருப்பாளோ என்னவோ, வேறு வீடுகளில் வேறு பிள்ளைகள் அனாதையாகியிருப்பார்கள். பெயர் முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளை, கண் முன்னால் தன் பிள்ளை அலறும்போதும் ஒரு தாயால் எப்படி நினைத்துக்கொள்ள முடிந்தது? அதுதான் எனக்குப் புரியாத அதிசயம். ஒரு நாளில் வருகிற சக்தி இல்லை அது. புருஸ்டர் சாலையில் பதினைந்து வருஷம் அடுத்தவன் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த பழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

*

சிபில் இறந்து நாலாவது நாள், 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அவர் மருந்து கொடுத்த இயக்கமே நாட்டின் எதிரி ஆனது. 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தில் வெளியூர்க் குடிகளைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோனார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. பாட்டி வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டவேண்டும். காட்டுக்குள் ஒரு டப்பா அரிசி போனாலும் குற்றம்.

1943இல் பதக்கம் வாங்கிக்கொடுத்த அதே காரியம், 1950இல் சிறைக்கு அனுப்பியிருக்கும். சிபில் அப்போது உயிரோடு இருந்து, அதே பையன்களில் ஒருவன் ராத்திரி வந்து கதவைத் தட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்? அவருடைய கதையை முழுசாகச் சொல்ல நமக்கு வருகிற தயக்கம் இங்கேதான் இருக்கிறது. நாட்டுப்பற்று என்று மட்டும் சொல்லிவிட்டால் சௌகரியம். வாசலில் நின்றவன் என்ன கட்சி, என்ன மதம் என்று கேட்காத வைத்தியம் என்று சொன்னால் சங்கடம். நல்ல சமாரியன் உவமையை ஞாயிற்றுக்கிழமை கேட்கும்போது நமக்கு இந்தச் சங்கடம் வருவதில்லை.

*

இனி என் கணக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். கேட்டைத் தட்டும் சத்தம். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற வெளிநாட்டுப் பையன். கையில் துணி சுற்றியிருந்தான், துணி நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் அவனிடம் பாஸ்போர்ட்டோ பெர்மிட்டோ இல்லை, அதனால்தான் பயப்படுகிறான் என்று பார்த்ததும் புரிந்தது. வீட்டில் மருந்துப் பெட்டி இருந்தது. காரும் இருந்தது. 'வயசுப் பிள்ளை இருக்கிற வீடு, எதுக்கு வம்பு' என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகவே "பெர்கி கிளினிக்" என்று சொல்லி விளக்கை அணைத்தேன். பிள்ளையைக் காப்பாற்றுகிற தகப்பன் என்றுதான் அன்று என்னைப் பற்றி எனக்கு எண்ணம்.

மகள் மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போன வாரம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் சொன்னேன். மைக்கேலைப் பற்றிச் சொன்னேன், வில்லியத்தைப் பற்றிச் சொன்னேன், யோஷிமுராவைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "நீ கேட்டதுக்குப் பதில்: நான் சொல்லியிருப்பேன்மா. உன்னைக் கட்டுற வரைக்கும்கூட தாங்கியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"அது பரவால்லப்பா," என்றாள். "ஆனா அன்னைக்கு அந்த அண்ணனுக்குக் கேட்டைத் திறந்திருக்கலாம்."