எண்களா, வேடமா? பாத்திரமேற்பு விளையாட்டின் வரையறை குறித்து

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017-இல் வெளியிட்ட ‘அசுரா’வைப் பாத்திரமேற்பு விளையாட்டு எனலாமா? பழிதீர்க்கப் புறப்பட்டவனாக நாம் ஆடுகிறோம். அவன் போரிட்டு வளர்கிறான்; அவனுக்கான திறன்களை நாம் தேர்கிறோம்; திறன்மரமோ ஆட்டந்தோறும் புதிதாக அமைகிறது. ஆயினும் பழியைக் கைவிடவோ பகைவனோடு பேசிப் பார்க்கவோ அவனுக்கு இடமில்லை.

இச்சிக்கலின் வேர் 1974-இல் உள்ளது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, படைகளை நகர்த்தும் மேசைப் போர்விளையாட்டிலிருந்து பிறந்தது. படைக்குப் பதில் ஒற்றை மனிதரை ஆடுவோர் ஏற்றனர். அதில் இரு கூறுகள் இணைந்திருந்தன: வலிமை, அறிவு முதலியவற்றை அளக்கும் எண்களும் பகடையும் ஒன்று, ஆடுபவரின் எதிர்பாராத சொல்லுக்கும் மறுமொழி தரும் நடுவர் மற்றொன்று.

அடுத்த சில ஆண்டுகளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் மாணவர்கள் இதனைக் கணினிக்குக் கொணர முயன்றனர். எண்கள் எளிதில் இடம்பெயர்ந்தன, நடுவர் வரவில்லை. ‘ரோக்’ (1980), ‘விசர்ட்ரி’ (1981) ஆகியவை இவ்வழியில் வந்தவை. அனுபவப் புள்ளியும் படிநிலையும் இவ்வகைமையின் அடையாளங்களாக நிலைபெற்றமைக்கு அன்றைய கணினியின் எல்லையே பெருங்காரணம். ஆட்டந்தோறும் மாறும் களம், இறந்தால் மீண்டும் தொடக்கம் என்னும் இயல்புகளால் ‘அசுரா’ ‘ரோக்’கின் வழித்தோன்றலாகிறது.

இதற்கு மறுமுனையில் நிற்பது, இந்தியாவின் பைரோடாக்டில் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’. பஞ்சம் சூழ்ந்த ஒரு பண்டைய இந்தியக் கற்பனை நகரில் இளவரசியாகவும், மணம் பேசப்பட்ட உழவர் வீட்டுப் பெண்ணாகவும், வேறு சிலராகவும் ஆடுகிறோம். போர் அருகியே வருகிறது, உரையாடலே களம்.

எண்வளர்ச்சியே வரையறை எனின், இன்று கால்பந்து விளையாட்டுகளும் இவ்வகைமைக்குள் வந்துவிடும். முடிவை மாற்றும் உரிமையே வரையறை எனின், ‘விசர்ட்ரி’ வெளியேறும். தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவரும் நடிகர் அல்லர் என்றாகும். அவர் முடிவை மாற்ற இயலாதவர். எனினும் கட்டியங்காரன் வினவும்போது, தாம் யார் என்பதைத் தம் சொல்லால் நிலைநாட்டுகிறார்.

எனவே, எண்கள் இவ்வகைமையின் மரபுரிமை; அதன் உயிர், ஏற்ற பாத்திரத்தை நோக்கி வினவும் ஒரு குரலும் அதற்கு விடைகூறும் வெளியும். ‘விசர்ட்ரி’ மரபால் உள்ளே நிற்கிறது. ‘அன்ரெஸ்ட்’ உயிரால் நிற்கிறது. ‘அசுரா’ அம்மரபின் நெருங்கிய உறவு. ஆனால் அங்கு வினவுவோர் எவருமில்லை. புராணப் பெயரும் கோலமும் மட்டுமே வேடமாகிவிடா என்பதை இந்திய விளையாட்டுகளை ஆராய்வோர் கருத்தில் கொள்ள வேண்டும்.