லினக்ஸ் லேப்டாப்பில் பாட்டு ஓடலையா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது இது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பலர் வீட்டில், பள்ளி, கல்லூரியில் வாங்கிய அந்த லேப்டாப் இன்னும் பீரோ மேல் கிடக்கும்.

எடுத்து பாட்டுப் போட்டால் சத்தமே இல்லையா? 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீங்க. பேக்கப் எடுக்காமல் ஃபார்மட் போட்டால் காலேஜ் போட்டோக்களும் சேர்ந்தே போயிடும். பெரும்பாலும் பிரச்னை மூன்றே இடங்களில்தான் இருக்கும்.

1. சத்தம் எங்கே போகுது?

முதலில் வேறு ஒரு பாட்டையோ வீடியோவையோ ஓட்டிப் பாருங்கள். எதிலுமே சத்தம் இல்லையென்றால் பாட்டு மேல் தப்பில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் எச்.டி.எம்.ஐ என்று இருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். அப்படியும் வரலையா? டெர்மினலில் ஏ.எல்.எஸ்.ஏ என்ற நான்கு எழுத்தோடு மிக்ஸர் என்பதை இடைவெளி இல்லாமல், ஆங்கிலச் சின்ன எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். எஃப்6 அழுத்தி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டருக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தால் மியூட்டில் இருக்கிறது. எம் கீயைத் தட்டினால் போதும்.

2. ஃபைல் நல்லா இருக்கா?

ஒரு பாட்டு மட்டும் ஓடலைன்னா அதன் சைஸைப் பாருங்கள். 0 பைட் என்றால் உள்ளே எதுவுமே இல்லை. லினக்ஸில் காப்பி முடிந்த மாதிரி தெரிந்தாலும் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் எஜெக்ட் கொடுக்காமல் பென்டிரைவைப் பிடுங்காதீங்க. சைஸ் ஒரு சில கே.பி மட்டும் இருந்தால், பாட்டுக்குப் பதில் ஏதோ வெப் பக்கம் டவுன்லோடு ஆகியிருக்கலாம். எம்4ஏ ஃபைலுக்கு எம்பி3 என்று பெயர் மாற்றினாலும் அது எம்பி3 ஆகாது.

3. கோடெக் இருக்கா?

சில ஃபார்மட் ஓடுது, எம்பி3 மட்டும் ஓடலையா? எம்பி3-க்குக் காப்புரிமை இருந்ததால் பல லினக்ஸ்களில் அதை ஓட்டும் கோடெக்கைச் சேர்க்காமலே கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 23-ல்தான் அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. எனவே அதற்கு முந்தைய லினக்ஸில் இந்தச் சிக்கல் சகஜம். வி.எல்.சி பிளேயரை இன்ஸ்டால் செய்தால் தேவையான கோடெக்குகளும் சேர்ந்தே வந்துவிடும்.

லினக்ஸ் ரொம்பப் பழசு, வி.எல்.சி-யே ஏறலையா? ஒரு பென்டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு, 'ட்ரை' ஆப்ஷனில் பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓடும். அதில் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே பழைய போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் வேறு டிரைவுக்குக் காப்பி பண்ணிடுங்க. அதுக்கப்புறம் ஃபார்மட் பண்ணாலும் கவலை இல்லை.