வாயில்லா உயிர்களுக்கு மருத்துவச் சாலை: ஒரு வரலாற்று நோக்கு

சமண நெறி இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். இவற்றுள் முதல் மூன்றும் ஒருங்கே நிகழும் இடம், நோயுற்ற விலங்குகளையும் பறவைகளையும் பேணும் மருத்துவச் சாலையாகும். பசிக்கு உணவும், புண்ணுக்கு மருந்தும், அஞ்சி நடுங்கும் உயிருக்கு அடைக்கலமும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. அச்சாலைகளின் வரலாறு நெடியது.

பழஞ்சான்றுகளுள் தலையாயது அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டினதாகிய அது, மாந்தர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொணர்ந்து நடப்பட்டன. வழிகளில் கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வறம் சென்ற நாடுகளுள் சோழ பாண்டிய நாடுகளும் சொல்லப்பட்டிருப்பது நாம் மகிழத்தக்கது.

1623 இல் கூர்ச்சரத்தின் கம்பாத் துறைமுகத்துக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, அங்கே பறவைகளுக்கென ஒரு மருத்துவச் சாலையைக் கண்டார். தாயற்ற எலிக்குஞ்சுகளைப் பஞ்சில் கிடத்தி, மூக்குக் கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர் இறகின் நுனியால் பாலூட்டிக்கொண்டிருந்த காட்சியை அவர் எழுதி வைத்துள்ளார். நலம்பெற்ற காட்டுப் பறவைகள் பறக்கவிடப்பட்டன. வீட்டுப் பறவைகள் அறவோரிடம் ஒப்படைக்கப்பட்டன. வரும் உயிரைப் பேணவும், தேறியதை அனுப்பவும் அன்றே முறை இருந்தது.

1832 இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணை நடைமுறைப்படுத்தப்பட்டபோது, பார்சிகள் முன்னின்று எதிர்த்தனர். சமணரும் பிறரும் உடன் நின்றனர். கலகம் அடங்கியபின், 1834 இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், அமிசந்த் ஷா முதலியோர் முயற்சியால் பாஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகம் எழுந்தது. வணிகர்கள் தத்தம் சரக்கின்மீது மகமை விதித்துக்கொண்டு அதற்குப் பொருள் சேர்த்தனர். கண்ணீர் ஒரு நாளில் வற்றும். மகமையோ ஆண்டுதோறும் வரும். காப்பகம் இன்றளவும் நிலைத்திருப்பதன் காரணம் இதுவே.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர சமணரின் செங்கோயிலை ஒட்டிய பறவை மருத்துவமனை 1929 இல் சிறிய அளவில் தொடங்கியது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குஜராத்திலோ உத்தராயணப் பட்டத் திருவிழாவில் மாஞ்சா நூல் அறுத்துப் பறவைகள் வீழ்வதைக் கண்டு, 2017 முதல் சனவரி 10 தொடங்கி 20 வரை 'கருணா அபியான்' என்னும் இயக்கத்தை அரசும் தொண்டர்களும் சேர்ந்து நடத்துகின்றனர். தற்காலிகச் சிகிச்சை முகாம்களும், தகவல் பெற 1962 என்னும் தொலைபேசி எண்ணும் முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. நம் சென்னையில் 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பும் இவ்வழியில் வந்ததே.

இவ்வரலாற்றை எழுத என்னைத் தூண்டியது ஒரு குற்றவுணர்வு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், எங்கள் தெருமுனையில் வண்டியில் அடிபட்டு நாய் ஒன்று கிடந்தது. சுற்றி நின்ற எல்லார்க்கும் இரக்கம் இருந்தது. ஒருவர் தண்ணீர் கொணர்ந்தார். நான் என் துண்டைப் போர்த்தினேன். யாரை அழைப்பது, எதில் ஏற்றுவது, எங்கே கொண்டு செல்வது என்பது ஒருவர்க்கும் தெரியவில்லை. விடியுமுன் அது இறந்தது. முப்பதாண்டுகள் அருளுடைமை அதிகாரத்தை நடத்திய ஆசிரியனிடம், ஒரு தொலைபேசி எண் இல்லை.

ஆதலின் இம்மலர் வாயிலாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊர் ஜினாலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணும், வண்டி தர இசைந்தவர் பெயரும், சில நாள் அடைக்கலம் தரும் இடமும் எழுதப்படட்டும். செலவுக்கு ஒரு சிறு மகமை ஒதுக்கப்படட்டும். அடிபட்ட விலங்கு வலியால் கடிக்கக்கூடும். வெறுங்கையால் தொடாமல் தடித்த போர்வையால் மூடித் தூக்க வேண்டும். காயமுற்ற பறவையைக் காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில், இருளில் அமைதியாக வைக்க வேண்டும். இவற்றை நம் இளைஞர்க்குக் கற்பிப்போம்.

கம்பாத்து முதியவரின் கையில் இருந்தது ஓர் இறகும் சிறிது பாலுமே. அவர் அமர ஓரிடத்தை அவ்வூரார் அமைத்துத் தந்திருந்தனர். அத்தகைய ஓரிடம் நம் ஊரிலும் அமைக.